சோற்றுக்கூட்டு

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னப் பத்தி எழுதுறதுக்கு நீங்க எனக்கு யாரு?" என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். ரேஷன் கடையில் கார்டைத் திருப்பிப் பார்க்கிறவர் விவரம் கேட்பதுபோலத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் உறுதியான பதில் இல்லை. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன கம்பெனி அது. கீழே ஷெட், மாடியில் ஆபீஸ். ஷெட்டில் பெண்கள்தான் அதிகம். அட்டையை மடிப்பார்கள், ஒட்டுவார்கள், பின் அடிப்பார்கள். அக்காவுக்குப் பின் அடிக்கும் மிஷின். கால் பெடலை மிதிக்கும், கை அட்டையைத் திருப்பும், வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். படித்தவள் என்று பெயரே ஒழிய, என் மேஜை மாடியில் இல்லை. ஷெட்டின் மூலையில், கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. அதனால் அக்கா பேசுவது எல்லாம் காதில் விழும்.

யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று அளந்து சொல்வதுதான் அவருடைய பழக்கம். நாமெல்லாம் ஃப்ரெண்டு என்ற ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவதை அவர் பிரித்துப் பிரித்து வைப்பார். பார்த்தால் தலையசைக்கிற அளவுக்கு என்றால் முகப்பழக்கம். நின்று நாலு வார்த்தை பேசினால் பேச்சுப்பழக்கம். கறிவேப்பிலை, தைலம், குடை என்று கைமாறினால் "குடுக்க வாங்க இருக்கிறவங்க". அதற்கு மேலே கூட்டு. எல்லாவற்றுக்கும் மேலே சினேகம். அந்தக் கடைசி வார்த்தையை, நான் அறிந்து, அவர் ஒரே ஒருத்திக்குத்தான் கொடுத்திருந்தார். அவளும் ஊரில் இல்லை.

மடிப்பு மேஜையில் ஒரு பெண் இருந்தாள். இருபது வயது இருக்கும். ஒருநாள் போனில் தன் ஸ்டேட்டஸைக் காட்டினாள். அவளும் இன்னொரு பெண்ணும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிற படம்.

"இது என் பெஸ்டிக்கா."

"பெஸ்டின்னா இன்னா?"

"எல்லா ஃப்ரெண்டுக்கும் மேலக்கா. உயிரு."

"உயிரா? சரி. நாளைக்கி அவளுக்கு ஒடம்பு முடியல. கூட ஆஸ்பத்திரிக்குப் போவ ஆள் இல்ல. நீ லீவு போடுவியா?"

அந்தப் பெண் நிஜமாகவே யோசித்தாள். "நாளைக்கா? நாளைக்கி எங்க மாமா வூட்டுல காதுகுத்து."

"அப்ப அது உயிரு இல்லடி, பல்லு. வலிச்சா புடுங்கிப் போட்டுருவ."

ஷெட்டே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு ஒரு வாரம் 'பல்லு' என்றே அந்த பெஸ்டியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நகமும் சதையும் மாதிரி என்று யாராவது சொன்னால், "நகத்த வாராவாரம் வெட்டித்தானே போடுறோம்" என்பார். கல்யாண பேனரில் ஈருடல் ஓருயிர் என்று பார்த்தால், "ஆதார் கார்டு ஒண்ணு மிச்சம்" என்பார்.

இப்படிச் சொல்வதால் மனிதர்களை அண்டவிடாதவர் என்று நினைக்கக்கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஒருமுறை கால் முறிந்து பத்து நாள் வரவில்லை. கம்பெனியிலிருந்து அவர் வீட்டுக்குப் போனது அக்கா மட்டும்தான். இரண்டு பஸ் மாறி, பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தார். "அவரு உங்களுக்கு நல்ல பழக்கமாக்கா?" என்று கேட்டேன்.

"முகப்பழக்கம்தான்."

"அதுக்கா இவ்ளோ தூரம் போனீங்க?"

"முகம் தெரிஞ்சா போய்ப் பாக்கக் கூடாதா? நீ இன்னா, சினேகம் இருந்தாத்தான் மனுசங்கள பாப்பியா?"

எந்த வார்த்தைக்கு எவ்வளவு செய்ய வேண்டுமோ அதை முழுசாகச் செய்துவிடுவார். வார்த்தையை மட்டும் ஏற்றிச் சொல்லமாட்டார்.

அந்த ஒரே சினேகிதி பாரீஸில் இருந்தாள். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அக்காவின் அப்பா மில் தொழிலாளி. சினேகிதி வாழ்க்கைப்பட்டது சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் குடும்பத்தை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். குடியுரிமை, பென்ஷன், பிறகு விமானம் என்று அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போன் வரும். திங்கட்கிழமை ஷெட்டில் பாரீஸ் செய்தி. "அங்க கொப்பீன்னு ஒரு வார்த்த இருக்குதாம். சினேகிதின்னு அர்த்தமாம். பக்கத்து வூட்டுக்காரி ரெண்டு தடவ வணக்கம் வச்சா, அவளும் கொப்பீனாம். நான் சொல்லிட்டேன், எம்மா, அந்த வார்த்தயால என்னக் கூப்புடாத."

நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்குப் பத்து மாதம். மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். பால் பாட்டிலைச் சரியாகக் கொதிக்க வைத்திருப்பார்களா, குழந்தை கட்டிலிலிருந்து உருண்டிருக்குமா என்று பதினொரு மணிக்கு ஒரு போன், இரண்டு மணிக்கு ஒரு போன். மதியச் சாப்பாட்டுக்கு பிரெட்டில் ஜாம் தடவிக் கொண்டுவருவேன். காலையில் அதற்குத்தான் நேரம் இருந்தது. அக்கா கம்பி வலை வழியாக நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கேட்டார்.

"புள்ள இன்னும் பால் குடிக்குதா?"

"குடிக்குதுக்கா. காலையிலயும் ராத்திரியிலயும்."

"இத்தத் தின்னா எங்கேர்ந்து ஊறும்? நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் சோறு நான் எடுத்தாறேன். கொழம்பு நீ எடுத்தா. அடுத்த வாரம் மாத்திக்கலாம். சேர்றியா?"

அந்த ஷெட்டில் இது வழக்கம். சோற்றுக்கூட்டு என்பார்கள். விடியற்காலையில் எழுந்து சோறும் ஆக்கி, குழம்பும் வைத்து, பிள்ளைகளையும் கிளப்பி, எட்டரைக்கு வந்து நிற்க முடியாது. அதனால் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி இருவருக்குச் சோறு, ஒருத்தி இருவருக்குக் குழம்பு. வரமுடியாத நாளில், அடுத்தவள் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால், காலை ஐந்து மணிக்குள் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தி வெறும் சோற்றோடோ, வெறும் குழம்போடோ உட்கார்ந்திருப்பாள். அக்காவோடு சேர்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் குழம்பு அவருக்குப் பிடிக்குமா, புளி அதிகமா, எண்ணெய் குறைவா என்று ஒன்று மாற்றி ஒன்று. மாமியார் வேறு, "ஸ்டோர்ஸ்ல வேல பாக்குறவ ஷெட்டுல தரையில போய் ஒக்காந்து தின்னப் போறியா?" என்று கேட்டார். காலையில் எழுந்து கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். அக்கா பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு எங்க, வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார். மறுநாள் உப்பைச் சரியாகப் போட்டேன்.

எட்டு மாதம் அப்படிச் சாப்பிட்டோம். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் ஐந்து மணிக்கு மிஸ்டு கால் கொடுத்த நாட்களில், மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட்டு, எத்தனை டிகிரி, நெற்றியில் துணி போட்டாயா, மருந்தைத் துப்பிவிட்டதா என்று கேட்பார். என் அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். "நாம இப்ப என்னக்கா? சினேகமா?"

"கூட்டு."

"அவ்ளோதானா?"

"கூட்டுன்னா கொறச்சலா? அது நாம சொல்லி வச்சிப் பண்றது. சொன்னா சொன்ன மாதிரி நிக்கணும். சினேகம் தானா வரும். வராமலும் பூடும்."

அந்த வராமலும் போகும் என்பதை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது என் குழம்பு வாரம். சனிக்கிழமை. கருவாட்டுக் குழம்பு வைத்து, எவர்சில்வர் தூக்கில் எடுத்து வந்து மேஜைக்குக் கீழே வைத்திருந்தேன். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிற நேரத்தில் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜருக்குப் பிறந்தநாள். கேக், எல்லோருக்கும் பிரியாணி. மேஜை போட்டு, நாற்காலி போட்டு, எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீங்க கீழ அவங்களோடதான் சாப்பிடுறீங்களாமே? எதுக்குங்க? இனிமே இங்க வந்துடுங்க. உங்க சீட்டையும் மேல மாத்தச் சொல்லி சார்கிட்ட பேசியிருக்கேன்."

மாடிக்கு மாற்றல் என்பது அப்போது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏசி, உட்கார நல்ல நாற்காலி, வீட்டில் மாமியாரிடம் சொல்லிக்கொள்ள ஒரு சேதி. கீழே ஒருத்தர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார், இந்தக் குழம்பைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொன்னால் என்ன குழம்பு என்று கேட்பார்கள். கருவாடு என்று சொல்ல வேண்டியிருக்கும். கை கழுவுகிற சாக்கில் எழுந்து, மாடிப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்கா வழக்கமான இடத்தில், டிபன் கேரியரைத் திறக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேக் வெட்டினார்கள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் தன் சாம்பாரை அவர் பக்கம் நகர்த்துவது தெரிந்தது. அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். நான் திரும்பி வந்து பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஒரு மணிக்கு மணி அடித்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கேரியரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அது சோற்றோடு கனமாக இருப்பது பார்த்தாலே தெரிந்தது.

"மேல கூப்ட்டாங்கக்கா. பேச்சுல மறந்தே போயிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "பரவால்லங்க," என்றார்.

எட்டு மாதமாக என்னை நீ என்றும், வாடி என்றும், மண்டு என்றும் கூப்பிட்டவர். அந்த 'ங்க' எதற்கு என்று எனக்குப் புரிந்தது. வேறு யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கால்வாயில் குழம்பை ஊற்றித் தூக்கைக் கழுவினேன், மாமியார் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கக்கூடாது என்பதற்காக.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சோற்று வாரம். ஐந்து மணிக்குள் அவரிடமிருந்து மிஸ்டு கால் இல்லை. அதனால் நம்பிக்கையோடு இருவருக்குச் சோறு எடுத்துப் போனேன். அவர் தனக்கு மட்டும் சோறும் குழம்பும் கொண்டுவந்திருந்தார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "புள்ள எப்டி இருக்குதுங்க? கடவாப்பல்லு மொளச்சிடுச்சா?" என்று கேட்டார். தன் குழம்பில் எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினார். எதிலும் குறை வைக்கவில்லை. என்னைப் பேச்சுப்பழக்கத்தில் இறக்கிவைத்து, அதற்கு உண்டானதை முழுசாகச் செய்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மற்ற பெண்கள் என்னிடம், "அக்கா உங்களுக்கு மட்டும்தாங்க இவ்ளோ மரியாத குடுக்குறாங்க" என்று சொன்னார்கள்.

மாடியில் சீட்டும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. சில மாதங்களில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று மாமியார் சொல்லவும் வேலையை விட்டேன். கடைசி நாள் அக்கா, "நல்லா இருங்க" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. எதற்கு என்று அவர் கேட்டால் மறந்ததற்கு என்றுதான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வருடம் கழித்து, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் பெட்ஷீட் வாங்க வந்திருந்தேன். அக்கா நைட்டிக் குவியலுக்கு முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் இன்னொரு அம்மாள், வெட்டிவிட்ட முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, நைட்டியின் தையலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை முதலில் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா? புள்ள ஸ்கூலுக்குப் போவுதா?"

கண்ணாடி அம்மாள் திரும்பினார். "ஆரு இது?"

பாரீஸ்காரி இவள்தான் என்று புரிந்ததும் எனக்குப் பெட்ஷீட் எல்லாம் மறந்துபோனது. அக்கா தன் சினேகிதியிடம் என்னை என்ன என்று சொல்வார்? கூட வேலை செய்தவங்க என்பாரா, தெரிந்தவங்க என்பாரா? எதைச் சொன்னாலும் அது அளந்து சொன்னதாகத்தான் இருக்கும். அக்கா ஒரு நைட்டியை மடித்துத் திரும்பக் குவியலில் வைத்தார்.

"இவங்களுக்காக ஒரு நாளு நான் சாப்புடாம ஒக்காந்திருந்தேன்," என்றார்.

"ஓ, அந்தக் கருவாட்டுக் கொழம்புப் பொண்ணா?"

கடைக்காரர் கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். பாரீஸ் வரைக்கும் போயிருக்கிறது என் குழம்பு. கூட்டத்தில் ஒருவர் இடித்துக்கொண்டு போனார். அப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் மறக்கல. எழுந்து வர எனக்குத் தைரியம் இல்ல. கருவாடுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மறந்துட்டேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றார் அக்கா. "ஜன்னல்ல ரெண்டு தடவ எட்டிப் பாத்தீங்க. மூணாவது தடவ எறங்கி வருவீங்கன்னுதான் மத்தவங்க கொழம்ப வாங்கல."

அந்த அம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம இவ வூட்டுக்கு வாம்மா. நான் செவ்வாக்கெழமதான் கெளம்புறேன். மூணு பேரும் சாப்புடலாம்," என்றார். "வாங்க," என்றார் அக்காவும். "கையில ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்க. நானே ஆக்கிடுறேன்."

விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை அது. அந்த வாரம் முழுக்க எடுத்துப் போவதா வேண்டாமா என்று நினைத்தேன். எடுத்துப் போனால் சொன்னதைக் கேட்காதவள். எடுத்துப் போகாவிட்டால் விருந்தாளி. என் கணவர், "வேணாம்னு சொன்னவங்ககிட்ட எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கைக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். தூக்கு ஸ்கூட்டியில் ஆடிக் கொஞ்சம் சிந்தியது.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுக்குப் பின்னால், இரண்டு அறை உள்ள வீடு. அடுப்பில் மீன் குழம்பு ஏற்கனவே தயாராக இருந்தது. அக்கா என் கையிலிருந்ததைப் பார்த்தார், வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதை மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். தரையில் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தோம். அக்கா எதை முதலில் ஊற்றிக்கொள்கிறார் என்று பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தன்னுடைய மீன் குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டார். அந்த அம்மாள் இரண்டையும் கலந்து ஊற்றிப் பிசைந்தார். பாரீஸில் மாங்காய் என்ன விலை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

"அக்கா," என்றேன். "இப்ப நான் உங்களுக்கு யாருக்கா?"

அக்கா முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த அம்மாள்தான் சிரித்தார்.

"இவகிட்டப் போய் அவசரப்படுறியே. இவ எங்கூட ஆறு வருஷம் பேசல, தெரியுமா? எங் கல்யாணத்துக்கே வரல. ஒனக்கு இப்பத்தான ரெண்டு ஆவுது."

"ஆறர வருஷம்," என்று சொல்லிவிட்டு அக்கா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.